திருவோணம் 3.10 வரை

ஃப்ரீசர் பெட்டி லிஃப்டுக்குள் போகவில்லை. நிறுத்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். எப்படி வைத்தாலும் அரை அடி இடித்தது. ஐம்பது குடித்தனத்துக்கு அடுக்ககம் கட்டியவனுக்கு, இதற்குள் குடிவருகிறவர்கள் என்றைக்காவது சாவார்கள் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது. கடைசியில் துலுக்கானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படி வழியாகவே தூக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். மூன்றாவது மாடி வாசலில் வித்யா செருப்புகளை ஓரமாகத் தள்ளி வழி விட்டாள். அப்போது அவளால் செய்ய முடிந்தது அந்த ஒரு வேலைதான்.

துலுக்கானம் அப்பாவோடு ஆவடி டேங்க் தொழிற்சாலையில், பெயின்ட் ஷாப்பில், முப்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர். அப்பாவைப் பெட்டியில் கிடத்தி, மின்சார ஒயரை மாட்டி, மோட்டார் ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் பார்வதம் அத்தை சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் அக்கா அவள். தம்பி செத்த துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், இந்த வீட்டில் சாங்கியம் தெரிந்தவர்கள் தன்னைத் தவிர யாருமில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

"உயிர் எத்தினி மணிக்குப் போச்சு?" என்று கேட்டாள்.

எல்லோரும் வித்யாவைப் பார்த்தார்கள். மதியம் வீட்டில் அப்பாவோடு இருந்தது அவள் மட்டும்தான்.

"நாலு இருவது அத்தை."

அத்தை விரலால் காலண்டரின் வரியைத் தடவினாள். "திருவோணம் மூணு பத்து வரைக்கும்தான் கீது. அப்பால அவிட்டம்." காலண்டரைக் கவிழ்த்து வைத்தாள். "ஆறு மாசம் அடைப்பு."

அவிட்டத்தில் போன உயிர் சுலபத்தில் கரையேறாது, செத்த இடத்தையே சுற்றும் என்பது கணக்கு. உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டிவைத்து, தினமும் வாசலில் விளக்கேற்ற வேண்டும். அந்தக் காலத்தில் பிணத்தை வாசல் வழியாகக்கூட எடுக்க மாட்டார்கள், சுவரை இடித்துத்தான் எடுப்பார்கள் என்றாள் அத்தை. மூன்றாவது மாடிச் சுவரை இடித்தால் அசோசியேஷன்காரன் நம்மையும் சேர்த்து மயானத்துக்கு அனுப்பிவிடுவான் என்று துலுக்கானம் மெல்லச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அறையைப் பூட்டினால் போதும் என்று பேசி முடித்தார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் தலை தூக்கினாள்.

"மூணு பத்துக்கு அப்பாலதான் போனாரா?"

அத்தை ஆமாம் என்றாள். அம்மா கண்ணாடி மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனனே. மூணுலேர்ந்து வாசலப் பாத்துனே இருந்திருப்பாரே. சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா ஆசுபத்திரிக்காவது தூக்கினு போயிருப்பனே."

அம்மா பஞ்சவர்ணம் வீட்டை விட்டு வெளியே போவதே அபூர்வம். ஆறு மாதமாக அப்பாவை விட்டு நகர்ந்ததில்லை. அன்றைக்கு அவளுடைய தங்கை சித்ரா சென்னீர்குப்பத்தில் பேத்திக்குக் காது குத்துகிறாள் என்று, வித்யாதான் வற்புறுத்தி அனுப்பிவைத்தாள். நான் இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். அங்கே சாப்பாடு பரிமாறவே இரண்டரை ஆகிவிட்டது. காபி குடித்துவிட்டுப் போ என்று சித்ரா கையைப் பிடித்துக்கொண்டாள். பூந்தமல்லியில் பேருந்துக்கு வேறு நிற்க வேண்டியதாகிவிட்டது. ஐந்து மணிக்கு அம்மா வந்தபோது டாக்டர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

அந்த டாக்டர் பக்கத்துத் தெரு கிளினிக்காரர். அப்பாவின் இறுகிப்போயிருந்த தாடையைத் தொட்டுப் பார்த்தார், கையை மடக்கப் பார்த்தார். எப்போது என்று கேட்டார். நாலு இருபது என்று வித்யா சொன்னபோது ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் சொன்னதையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பொய் இல்லை. அவள் அப்பாவைப் பார்த்தது நாலு இருபதுக்குத்தான். ஆனால் டாக்டரின் அந்தப் பார்வை அவளுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

அப்பாவின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில், போர்மேன் தலை சாய்ந்து கிடந்தது. சார்ஜ் தீர்ந்துபோன பிறகு அதை யாரும் தொடவில்லை.

போர்மேன் ஒரு இயந்திர நாய். நாலு மாதக் குட்டி அளவு இருக்கும். பழுப்பு நிறத்தில், முடி உதிராத துணியில் தைத்தது. கூப்பிட்டால் தலையைத் திருப்பும், கண்ணை மூடித் திறக்கும். முதுகில் கை பட்டால் வாலை ஆட்டிக்கொண்டு, செல்லம் கொஞ்சும் குட்டி மாதிரி முனகும். கை எடுத்தால் முனகல் நிற்கும். வித்யா அதை இணையத்தில் வாங்கிக்கொண்டு வந்த அன்று அப்பா ஒரு மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை எதுவும் செய்யாது, இருந்த இடத்திலிருந்தே சத்தம் மட்டும் போடும் என்று தெரிந்ததும், தன் பழைய மேலதிகாரியை நினைத்துப் போர்மேன் என்று பெயர் வைத்தார். அன்று அவர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

முப்பது வருஷம் டேங்குக்குப் பச்சை பெயின்ட் அடித்த நுரையீரல் அது. ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பட்டாபிராமில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது, கறுப்பி என்ற நாயை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அசோசியேஷன் கூடாது என்றது. டாக்டர் நாய் முடியே ஆகாது என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா ரயிலேறி ஆவடிக்குப் போய் அதற்குப் பிஸ்கட் போட்டுவிட்டு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமலே திரும்பிக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

அப்பாவுக்காக வாங்கினேன் என்றுதான் வித்யா எல்லோரிடமும் சொன்னாள். அது பாதி உண்மை. அவளுக்கு வீட்டிலிருந்து ஐ.டி. வேலை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அப்பா கூப்பிடுவார். வித்யா, இங்க வாயேன். போனால் ஒன்றும் இருக்காது. ஃபேனைக் கொஞ்சம் குறை என்பார், வெளியே ரயில் எது போகிறது பார் என்பார். மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டால் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். போர்மேன் வந்த பிறகு அந்தக் கூப்பாடு நின்றது. அப்பா அதோடு பேச ஆரம்பித்தார். அவளும் நிம்மதியாக வேலை பார்த்தாள். அந்த நிம்மதிக்காகத்தான் வாங்கினாள் என்பதை அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு லீவு சொல்ல வித்யா போனைத் திறந்தாள். அப்போதுதான் அந்தச் செய்தியைப் பார்த்தாள். போர்மேனுக்கான செயலி முந்தைய நாள் மாலை நாலு பதினேழுக்கு அனுப்பியது. இன்று உங்கள் செல்லத்துக்கு மிக மகிழ்ச்சியான நாள், இதுவரை கிடைத்ததிலேயே மிக நீண்ட அரவணைப்பு என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு இதயம் போட்டிருந்தது.

குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அதைத் திறந்தாள். தொடுதல்களைப் படம் போட்டுக் காட்டும் பக்கம் ஒன்று அதில் உண்டு. வாங்கிய புதிதில் நாலு நாள் பார்த்தாள், பிறகு பார்த்ததில்லை. ஒரு தடவை தொட்டால் ஒரு ஆரஞ்சுப் புள்ளி, கையை எடுக்காமலே வைத்திருந்தால் கோடு. அப்பா தடவும் விதம் அப்படியே அதில் இருந்தது. மூன்று தடவை தடவுவார், மூச்சு வாங்க நிறுத்துவார், மறுபடி மூன்று. ஒன்றரை மணியிலிருந்து மும்மூன்று புள்ளிகள். இரண்டரைக்கு மேல் இரண்டிரண்டாக ஆயின. பிறகு ஒவ்வொன்றாக, தள்ளித் தள்ளி. இரண்டு ஐம்பத்தொன்றுக்குப் பிறகு புள்ளியே இல்லை. அங்கிருந்து ஒரே கோடு, நாலு பதினேழு வரை.

வித்யா குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஒன்றரை மணி நேரமும் அவளுக்கு அந்த முனகல் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்துகாட்ட வேண்டிய மீட்டிங் அது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, இன்னொரு காதை அப்பாவுக்கு என்று திறந்தே வைத்திருந்தாள். பக்கத்து அறையிலிருந்து போர்மேன் விடாமல் கொஞ்சிக்கொண்டிருந்தது. அப்பா இன்றைக்கு நல்ல மூடில் இருக்கிறார் என்று நினைத்தாள். ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். பேட்டரி தீர்ந்து அந்தச் சத்தம் நின்ற பிறகுதான், என்ன அமைதியாகிவிட்டதே என்று எழுந்து போனாள். அப்பாவின் கை அதன் முதுகின் மேல் இருந்தது.

கறுப்பியாக இருந்திருந்தால் ஓடிவந்து அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கும். குரைத்து மூன்று மாடியையும் கூட்டியிருக்கும். இது அந்தக் கைக்கடியில் சந்தோஷப்பட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அவளும் சந்தோஷமாக இருந்தாள். தன்னை மன்னிக்க ஒரு வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே அம்மாவின் குரல் தேய்ந்துபோயிருந்தது. வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னாள். மூணு மணிக்கு வருகிறேன் என்று சொன்னேன், நல்லா உட்கார்ந்து காபி குடித்தேன், அவர் காத்துக்கொண்டிருந்து போய்விட்டார். சித்ரா வந்தபோது அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். பாவம், சித்ரா செருப்பு வைத்த இடத்திலேயே நின்று அழுதாள்.

பத்து மணிக்கு அத்தை ஒரு புதுப் பூட்டோடு வந்தாள். பதினொன்றரைக்கு எடுக்க வேண்டும், அதற்குள் அறையிலிருந்து ஆறு மாதத்துக்கு வேண்டிய துணிமணிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அம்மாவால் நிற்க முடியவில்லை. வித்யா கைத்தாங்கலாக உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அம்மா அலமாரியைத் திறந்து நாலு புடவைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அப்பாவின் சட்டைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"கடசியா என் மேல கோவமாத்தான் போயிருப்பாரு" என்றாள்.

சொன்னால் அம்மாவின் முகத்தில் இனி என்றைக்கும் விழிக்க முடியாது என்று வித்யாவுக்குத் தோன்றியது. சொல்லாவிட்டால் அம்மா இதையே சொல்லிச் சொல்லிச் செத்துப்போவாள்.

"அம்மா, அவரு உனக்காகக் காத்துக்கிட்டு இல்ல. நீ வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போயிட்டாரு. ரெண்டு அம்பத்தொண்ணு."

அம்மா திரும்பினாள்.

வித்யா போனைக் காட்டவில்லை. வாயால் சொன்னாள். நாய் முதுகில் கை பட்டால் சத்தம் வரும், கை எப்போது அசைந்தது, எப்போது அசையாமல் நின்றது என்று அதில் பதிவாகும், எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்தாள்.

"அந்தச் சத்தம் உனுக்குக் கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

"கேட்டுச்சு."

"எவ்ளோ நேரம்?"

"ஒன்றரை மணி நேரம். கொஞ்சிக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன்மா."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அடிப்பாளா, கத்துவாளா என்று வித்யா காத்திருந்தாள். இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அம்மா நாற்காலியில் கிடந்த போர்மேனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். வெளியே மேளக்காரர்கள் வந்து மேளத்தைச் சூடு காட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து, எடுத்து வைத்த நாலு புடவைகளையும் ஒவ்வொன்றாக மறுபடி அலமாரிக்குள் அடுக்கினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"அண்ணி, பூட்டு வாணாம். மூணுக்கு முன்னயே போயிட்டாரு. திருவோணந்தான்."

அத்தை பூட்டைக் கையில் பிடித்தபடி அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் ஊட்லயே இல்லியே. உனுக்கு இன்னா தெரியும்?"

"ரெண்டே முக்காலுக்கு போன் பண்ணேன். எடுக்கல. எடுக்காம இருக்க மாட்டாரு. அப்பவே உயிரு இல்ல."

வித்யா அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்படி ஒரு போன் வரவே இல்லை. அப்பாவின் போன் மேசை மேலேயே இருந்தது. அவளே எடுத்துப் பார்த்திருந்தாள்.

"போன் எடுக்கலன்னா பதறினு ஓடியாற வேணாமா?" என்றாள் அத்தை. "புருசன் படுத்த படுக்கையா கீறான். நீ பாட்டுக்கு ஒக்காந்து காபி குடிச்சினு இருந்தியா?"

"ஆமா அண்ணி. தூங்குறாருன்னு நெனச்சிட்டேன். என் தப்புதான்."

அடைப்புக்குப் பயந்து நேரத்தை மாற்றுகிறாள் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். ஊர்ப் பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சித்ராவின் முகம் செத்துவிட்டது. அக்கா போனைத் தொடவே இல்லை என்று அவளுக்குத் தெரியும். வித்யா ஒரு அடி முன்னால் வந்தாள். இல்லை அத்தை என்று ஆரம்பித்தாள். அம்மா திரும்பாமலே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற மாதிரி பிடித்தாள்.

"நீ போயி அப்பாவுக்கு வேட்டி எடுத்துனு வா. அந்தப் பச்சைக் கர போட்டது."

வித்யா போனாள். போயிருக்கக் கூடாது. அங்கேயே நின்று, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். இதைப் பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்துக்கொள்ளப்போகிறாள். அப்போது வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடியதும் கிடைத்துவிட்டது, அதற்குமேல் அறையில் நிற்கக் காரணம் இல்லை.

அத்தை பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அம்மாவோடு பேசவில்லை. வாய்க்கரிசி போடும்போது அம்மாவுக்குக் கூடையைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். அம்மா குனிந்து எடுத்துப் போட்டாள். பெரியப்பா மகன் எழில் கொள்ளிச் சட்டியோடு முன்னால் இறங்கினான். போர்மேனையும் கூட வைத்து அனுப்பிவிடலாமா, அண்ணாத்தே ஆசையாக வைத்திருந்தாரே என்று துலுக்கானம் கேட்டார். பேட்டரி இருக்கிறது, தீயில் வெடிக்கும் என்று எழில் சொன்னான். வெளியே அப்பாவைத் தூக்கும்போது அம்மா கதறியது மாடி முழுக்கக் கேட்டது. ஆனால் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த அந்த மூணு மணியை அவள் சொல்லவில்லை.

ஆண்கள் மயானத்துக்குப் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராகக் குளித்தார்கள். பக்கத்து ஃபிளாட் ரேஷ்மா சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அத்தை கூடத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சித்ரா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வித்யா தலையில் துண்டோடு அப்பாவின் அறை வாசலில் வந்து நின்றாள். அறை திறந்தே இருந்தது. அம்மா ஈரத் தலையோடு, வேறு புடவையில், கட்டிலில் அப்பா படுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வித்யாவுக்கு உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. அம்மா வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"அந்தப் போனக் காட்டு."

வித்யா பக்கத்தில் உட்கார்ந்து போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். அம்மா கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தாள். ஆங்கிலம் தெரியாது, எண்கள் தெரியும்.

"இந்தப் புள்ளி எல்லாம் அவரு கையா?"

"ஆமாம்மா."

"மூணு மூணாக் கீது."

"மூச்சு வாங்க நிறுத்துவாருல்ல."

அம்மா தலையாட்டினாள். அவள் பார்வை புள்ளிகள் வழியாக நகர்ந்து, அவை தேய்ந்து நின்ற இடத்துக்கு வந்தது. அதற்கப்பால் இருந்த நீளக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வித்யா தன் மடியைப் பார்த்தாள். அம்மா முந்தானை நுனியை மடித்து, திரையின் அந்தப் பாதியின் மேல் போட்டு மூடினாள். மூடிக்கொண்டு, மறுபடி இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள்.

திரை மங்கியது. வித்யா எட்டி ஒரு விரலால் தொட்டாள். மறுபடி வெளிச்சம் வந்தது.